உல்லாசப் படகு வேலைக்கு எங்கே போவது? நாகை, கொச்சி, கோவா, அமீரகம்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்கு இறங்கிய மறுவாரமே நாகையில் ஃபைபர் படகு வேலை பார்க்கும் எங்கள் பட்டறை வாசலில் யாராவது ஒரு பையன் வந்து நிற்பான். "அண்ணே, ரெண்டு சீசன் மேட் ஒட்டிட்டேன். இனிமே மீன்பிடிப் படகுலயே கிடக்காம டூரிஸ்ட் போட்டு, யாட்டு கட்டுற எடத்துக்குப் போகணும். எங்க போனா நல்லது?" (மேட் என்பது ஃபைபர் படகின் உடலுக்கு அடுக்கடுக்காக ஒட்டும் கண்ணாடி நார் விரிப்பு, அதை இறுக்கிப் பிடிக்கும் திரவம்தான் ரெசின்.) இந்த வருஷம் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவனுக்குக் கொச்சியில் மாமா இருக்கிறார். இன்னொருவனிடம் ஓர் ஏஜென்ட் அஜ்மான் விசா என்று ஒரு தாளைக் காட்டியிருக்கிறார். மூன்றாமவன் தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மாவையும் தங்கச்சியையும் விட்டு நகர முடியாது. மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நான் 2005-ல் இந்தத் தொழிலுக்கு வந்தவன். சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் கிடந்த இடத்தில் எல்லாம் நிவாரண ஃபைபர் படகுகள் வந்து இறங்கிய காலம் அது. ரெசின் வாளி தூக்கித்தான் கற்றுக்கொண்டேன். அப்புறம் அமீரகத்தில் மூன்று வருஷம், கொச்சிப் பக்கம் ஒன்றரை வருஷம். கோவாவில் என் மச்சான் இன்னும் வேலை பார்க்கிறான். பார்த்ததையும் பட்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது மாசம் எவ்வளவு என்றுதான். அதைவிட, கடனும் சாப்பாடும் வாடகையும் போக எவ்வளவு நிற்கும் என்று கேளுங்கள். ஒரு லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கி ஏஜென்டிடம் கொடுத்தால் மாசம் 3,000 வட்டி மட்டுமே. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடியும்போது 72,000 ரூபாய் வட்டியாகவே போயிருக்கும். முதல் அப்படியே நிற்கும்.

இரண்டாவது, அந்த இடத்தில் கை என்ன கற்றுக்கொள்கிறது. நான் இதைத்தான் முதலில் வைப்பேன், காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறேன். மூன்றாவது, வருஷத்தில் எத்தனை மாசம் வேலை உண்டு.

நான்காவது உடம்பு. துணி முகமூடியும் தூசி முகமூடியும் ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். ரெசினைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அந்த நிமிஷமே தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேராகக் கலந்தால் வெடிக்கும். இதையெல்லாம் முதல் நாளே சொல்லித்தராத பட்டறையில், அது உள்ளூரோ வெளிநாடோ, ஒரு வாரத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.

ஐந்தாவது காகிதம். 10 பேர் வேலை பார்க்கும் இடத்தில் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, 20 பேர் இருந்தால் பி.எஃப். கட்டாயம். அனுபவச் சான்றிதழ் தருவார்களா என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள். விலகும் நாளில் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

## மீன்பிடிப் படகுக் கையும் உல்லாசப் படகுக் கையும்

நம் ஊர் ஃபைபர் படகு கனமாக, முரட்டுத்தனமாக இருக்க வேண்டும். அலையில் அடி வாங்கணும், மணலில் இழுபடணும், வலை உரசணும். உள்பக்கம் மேட்டின் நார் தெரிந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை. உல்லாசப் படகு அப்படி இல்லை. காசு கொடுத்து ஏறுகிறவர் கையால் தடவிப் பார்க்கிறார். ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சில் ஓர் ஊசிமுனைக் குழி இருந்தால் படகு திரும்பி வரும்.

அதனால் அங்கே பாதி வேலை தேய்ப்பதுதான். 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 220, 400, 800 என்று ஏறி, தண்ணீர் ஊற்றி 1500 வரை தேய்த்து, காம்பவுண்ட் என்ற தேய்ப்புக் களிம்பு போட்டு முகம் தெரியும்வரை பாலிஷ் போட வேண்டும். பழைய படகில் ஒட்டுப் போட்டால் வெயிலில் வெளிறிய நிறத்துக்குப் புது ஜெல்கோட்டைச் சேர்க்க வேண்டும். வெள்ளையில் மட்டும் எத்தனை வெள்ளை இருக்கிறது என்பது அந்த வேலைக்குப் போனால்தான் தெரியும். இது போக, நடுவில் நுரைப்பலகை வைத்து இரண்டு பக்கமும் ஃபைபர் ஒட்டுவது, பிளாஸ்டிக் உறை போட்டுக் காற்றை உறிஞ்சி ரெசினை இழுக்க வைக்கும் இன்ஃப்யூஷன் முறை. நாகைப் பட்டறையில் இவற்றுக்கு வேலையே வராது.

## நாகையிலேயே இருப்பது

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர் போகத் துடிக்கிற பையன்கள் இதைக் குறைவாக நினைக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நாகை, பழையாறு, தரங்கம்பாடி, மல்லிப்பட்டினம் எங்கும் படகுகள் கரையேறிப் பிரிபடுகின்றன. பலகை இடுக்கை அடைத்துக் கலப்பத்து அடிப்பவர், பலகை மாற்றும் ஆசாரிமார், மரத்தின் மேல் ஃபைபர் போர்த்துகிறவர், வெல்டர், எஞ்சின் மெக்கானிக் எல்லோரும் ஒரே கரையில் நிற்பார்கள். புதுப் படகு மட்டும் வார்க்கிற தொழிற்சாலையில் பத்து வருஷம் இருந்தாலும் இது கிடைக்காது. படகு எங்கே உடையும் என்று பார்த்தவனுக்குத்தான் எங்கே தடிமன் வைக்கணும் என்று தெரியும்.

ஓர் உதாரணம். அணியத்தில், அதாவது முன்பகுதியில், ஓட்டை விழுந்த படகுக்குப் புதுப்பையன் ஓட்டையின் அளவுக்கு மேட்டை வெட்டி அப்புவான். அது ஒரு பருவம்கூட நிற்காது. ஓட்டையைச் சுற்றித் தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அடுக்கடுக்காகப் பெரிதாகிக்கொண்டே வரும் மேட்டை ஒட்ட வேண்டும். 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சுற்றிலும் 60 மில்லிமீட்டர். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது உடைந்த படகுகளில் இந்தக் கணக்கைப் பழகிய பையன்கள் இன்று எங்கே போனாலும் தலை நிமிர்ந்து நிற்கிறார்கள். அமீரகத்தில் என் ஃபோர்மேன் என்னைச் சோதித்ததும் இதே ஒட்டில்தான்.

சரி, இங்கே இருந்துகொண்டே உல்லாசப் படகு வேலை கிடைக்குமா? கிடைக்கும், கொஞ்சம். வடக்கே பிச்சாவரத்தில் சுற்றுலாக் கழகத்தின் துடுப்புப் படகுகளும் மோட்டார் படகுகளும், காரைக்காலில் அரசலாற்றுப் படகு இல்லம், தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகும் படகுகள், இன்னும் கொஞ்சம் தள்ளினால் புதுச்சேரி சுண்ணாம்பாறு. அலையாத்தி வாய்க்காலில் வேரில் உரசி அடிப்பகுதி தேயும், ஓரம் வெடிக்கும், துடுப்புக் கொண்டி பிடுங்கிக்கொள்ளும். சின்ன வேலைகள்தான். ஆனால் அரசு வேலை ஒப்பந்தமாக வருகிறது, பணம் மெதுவாக வருகிறது. ஓர் அலுவலகத்துக்கு எட்டுப் படகுகளைச் சரிசெய்து கொடுத்துவிட்டு ஏழு மாசம் நடந்தேன். ரெசினுக்கு வாங்கிய கடன் வட்டியில் அந்த வேலையின் கூலி கரைந்துபோனது. கையில் ஆறு மாசத்துக்குச் சுற்றுமுதல் இல்லாமல் யாரும் அதில் இறங்க வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு இன்னும் இரண்டு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட் ஈரம் குடித்து வெள்ளை பூத்துவிடும். கொட்டகை இல்லாத பட்டறையில் அந்த இரண்டு மாசம் கூலி கிடையாது. இன்னொன்று முன்பணம். தீபாவளிக்கு வாங்கிய முன்பணம் தடைக்காலம் வரை காலைக் கட்டிப்போடும், நல்ல இடம் வந்தாலும் போக முடியாது.

இரண்டு சீசனுக்குக் குறைவாக வேலை பார்த்தவர்களும், வீட்டை விட்டு நகர முடியாதவர்களும் இங்கேயே இருக்கலாம். இருப்பவர்கள் ஃபைபரோடு, படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரையும் கற்றுக்கொள்ளுங்கள். படகு இல்லம் வைத்திருப்பவர் உடலுக்கு ஒருவரையும் மோட்டாருக்கு ஒருவரையும் கூப்பிட விரும்புவதில்லை.

## கொச்சியும் ஆலப்புழையும்

காரைக்காலில் ரயில் ஏறினால் நாகை, தஞ்சாவூர் வழியாக ஓர் இரவில் எர்ணாகுளம். பேச்சு ஒரு மாசத்தில் பிடிபடும். வீட்டில் ஒரு சாவு, வாழ்வு என்றால் மறுநாள் வந்து நிற்கலாம். வெளியூர் என்று போகிறவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் நல்ல இடம் கிடையாது.

ஆலப்புழை வீட்டுப் படகு கெட்டுவள்ளம் என்ற பழைய சரக்குப் படகின் வழி வந்தது. அயனிப் பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டிய உடல், மேலே மூங்கிலும் பாயும். அங்கே கை தேர்ந்த தச்சர்களுக்குத்தான் மதிப்பு. நம்மூர் ஆசாரி வீட்டுப் பிள்ளைகள், பலகை பழகியவர்கள், கோவாவையும் துபாயையும் நினைக்காமல் நேராக ஆலப்புழைக்குப் போகலாம். மரத்தில் மெருகு, கதவு, கட்டில், மேல்தளம் என்று உள்வேலை முழுதும் கற்கலாம். பெரிய யாட்டுக்குள் இருப்பதும் அதே வேலைதான்.

ஃபைபர் பையன்களுக்கு கொச்சி நல்லது. சுற்றுலாப் படகு, ரோந்துப் படகு, பயணிகள் படகு எல்லாம் அந்தப் பக்கம் கட்டுகிறார்கள். வைக்கத்தில் 2017-ல் ஓடத் தொடங்கிய சூரிய சக்திப் பயணிகள் படகு 'ஆதித்யா' அங்கேயே கட்டியது. 2023-ல் ஓட ஆரம்பித்த கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்சாரப் படகுகள் அலுமினிய உடல். ஃபைபரோடு அலுமினிய வெல்டிங்கும் தெரிந்த ஒருவனுக்கு அங்கே என்ன மரியாதை என்று நான் கண்ணால் பார்த்தேன். நான் கற்காமல் விட்டது அது. இன்றும் வருத்தம்தான்.

இன்னொரு கணக்கு பலருக்குத் தோன்றுவதில்லை. நம் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது. கேரளத்தின் இழுவைப்படகுத் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை, 52 நாள். வீட்டுப் படகுகளுக்கும் மழைக்காலம் கூட்டம் குறைந்த நேரம், பழுது பார்க்கும் நேரம். நாகையில் சீசன் முடித்த கையோடு ரயிலேறினால் ஏப்ரல் முதல் ஜூலை வரை கை ஓயாது. நிரந்தரமாகப் போக முடிவெடுக்கும் முன் இப்படி ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

செலவு? வாடகை. எர்ணாகுளத்தில் தனியாக அறை எடுத்தால் கூலியில் கணிசமானது போய்விடும். பட்டறையிலேயே தங்க இடம் கொடுப்பவரைத் தேடுங்கள். மழையில் கூரையில்லாத இடத்தில் சேர்ந்தால் நாகையின் கார்த்திகை கதைதான்.

## கோவா

உல்லாசப் படகு என்றே பிறந்த வேலையைக் கற்க நம் நாட்டில் எனக்குத் தெரிந்த சிறந்த இடம் கோவா. கடற்படையின் பாய்மரப் படகு 'தாரிணி' அங்கேதான் கட்டப்பட்டது. 55 அடி, நடுவில் மரம் வைத்து இருபுறமும் ஃபைபர் போர்த்திய உடல். அதில் ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பர் 10-ல் கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 2018 மே 21-ல் அங்கேயே திரும்பி வந்தார்கள். தென்கடலின் அலையில் எட்டு மாசம் தாங்கும் உடலைக் கட்டிய கைகள் அங்கே இருக்கின்றன. அப்படிப்பட்ட கைகளுக்குப் பக்கத்தில் ஹெல்பராக நிற்பதே படிப்புதான்.

ஜூன் தொடங்கினால் கடல் மூடிவிடும். சுற்றுலாப் படகுகள் கரையேறும். அக்டோபரில் கூட்டம் வருவதற்குள் எல்லாம் பளபளக்க வேண்டும். ஆகவே தேய்ப்பும் பாலிஷும் அதிகம் கிடைப்பது ஆகஸ்ட், செப்டம்பரில். வேலை கேட்டுப் போகிறவர்கள் ஜூலையில் போங்கள்.

கஷ்டம் பேச்சு. ஹிந்தி தெரியாமல் போன என் மச்சான் முதல் ஆறு மாசம் சொன்ன வேலையை மட்டும் செய்தான். ஏன் என்று கேட்கத் தெரியாததால் கற்றது குறைவு. போகும் முன்பே கொஞ்சம் ஹிந்தி பழகுங்கள். ஊருக்கு நேராக வர வாஸ்கோ–வேளாங்கண்ணி ரயில் வாரம் ஒரு முறைதான். சுற்றுலா ஊர் என்பதால் சாப்பாட்டு விலையும், சொல்லவே வேண்டும், மது மலிவாகக் கிடைப்பதும் பையன்களின் கையைக் காலி செய்கின்றன. நல்ல தொழில்காரர்கள் இரண்டு பேர் இதில் வீணானது எனக்குத் தெரியும்.

இருபத்தைந்து வயதுக்குள், கல்யாணமாகாமல், இரண்டு சீசன் அனுபவத்தோடு இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது கோவாதான். சம்பளம் கொச்சியைவிடக் குறைந்தாலும் போகலாம்.

## அமீரகம்: ஷார்ஜா, அஜ்மான், உம்முல் குவைன்

பெரிய யாட்டு கட்டும் வேலை அங்கே இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. 1982-ல் தொடங்கிய கல்ஃப் கிராஃப்ட் உம்முல் குவைனில் கட்டும் யாட்டுகள் உலகம் முழுதும் போகின்றன. இன்ஃப்யூஷன், அளவு பார்த்துக் கலக்கும் முறை, ஒவ்வோர் அடுக்குக்கும் கையெழுத்து என்று ஒழுங்கு அங்கே பழகும். ஆனால் வேலை பிரிந்து கிடக்கும். லேமினேட்டர் ஒட்டுவான், அவ்வளவுதான், ஃபினிஷர் தேய்ப்பான். முழுப் படகையும் ஒருவன் பார்ப்பதில்லை. ஏற்கெனவே கை தேர்ந்தவன் போனால் சம்பாதிப்பான், கற்கப் போகிறவன் மூன்று வருஷமும் ஒரே ரோலரை உருட்டிவிட்டு வருவான்.

என் கதையைச் சொல்கிறேன். 'ஃபைபர்கிளாஸ் லேமினேட்டர்' என்று விசாவில் இருந்தது. படகு என்று நானாக நினைத்துக்கொண்டேன். போய் இறங்கினால் தண்ணீர்த் தொட்டி வார்க்கும் தொழிற்சாலை. எட்டு மாசம் தொட்டிக்கு மேட் ஒட்டினேன். விசாவில் எழுதியிருந்தது பொய்யில்லை என்பதால் யாரிடமும் முறையிடவும் முடியவில்லை. பிறகுதான் அதே முதலாளியின் படகுக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அதனால் சொல்கிறேன்: பதவியின் பெயரை மட்டும் பார்க்காமல் நிறுவனம் என்ன தயாரிக்கிறது என்று பாருங்கள்.

பணக் கணக்கு இதுதான். இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லட்சத்தில் கேட்பவரிடம் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். ஏஜென்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் பதிந்து வையுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் அது அந்தப் பாதுகாப்பைத் தாண்டிக் குதிப்பது.

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஒரு வருஷம் முடித்தவருக்கு வருஷத்துக்கு 21 நாள் சம்பளம் பணிக்கொடை உண்டு, அது அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். மொத்தத்தைப் பெரிதாகக் காட்டி அடிப்படையைச் சின்னதாக எழுதினால் கடைசியில் அடிபடுவது நீங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆனால் தகரக் கொட்டகைக்குள் வேலை என்றால் அந்த விதி உதவாது, ரெசின் ஆவியும் சூடும் சேர்ந்தே இருக்கும்.

இந்த நான்கு இடம் போக, சென்னை முட்டுக்காடு, ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் படகு இல்லங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பெரும்பாலும் மிதிபடகும் துடுப்புப் படகும்தான். வேலை உண்டு, ஆனால் கட்டுவது அல்ல, பராமரிப்பது. அமைதியான நிலையான சம்பளம் தேடுகிறவருக்குச் சரி.

## ஒரே பார்வையில்

| | நாகை | கொச்சி, ஆலப்புழை | கோவா | அமீரகம் |
|---|---|---|---|---|
| கை கற்பது | பழுது, ஒட்டு, தடிமன் | மரம், அலுமினியம், ஃபைபர் | மெருகு, நடுப்பலகை ஒட்டு | இன்ஃப்யூஷன், அளவு ஒழுங்கு |
| வேலை நெருக்கும் காலம் | ஏப்ரல் – ஜூன் | ஜூன் – ஜூலை | ஆகஸ்ட் – செப்டம்பர் | வருஷம் முழுதும் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | மழை மாசம், முன்பணம் | வாடகை | பேச்சு, சாப்பாடு | கடன் வட்டி, மாறிப்போகும் வேலை |
| ஊர் திரும்ப | வீடுதான் | ஓர் இரவு | வாராந்திர ரயில் | விடுப்பு கிடைத்தால் |

## மூவருக்கும் சொன்னது

கொச்சி மாமா இருக்கிற பையனை இந்த ஜூனிலேயே அனுப்பினேன். ஜூலை முடிய இருந்து பார்த்துவிட்டு, பிடித்தால் அலுமினியப் பட்டறையில் சேரச் சொன்னேன். அஜ்மான் தாளோடு வந்தவனின் நிறுவனத்தைத் தேடினால் அது குழாய் செய்கிற இடம். அவனுக்கு வயசு இருபத்தொன்று, கடன் இல்லை. ஹிந்தி பழகிக்கொண்டு கோவா போ, இரண்டு வருஷம் கழித்து அமீரகம் உன்னைத் தேடி வரும் என்றேன். அவன் முகம் வாடியது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மூன்றாமவன் எங்கள் பட்டறையிலேயே இருக்கிறான். காரைக்கால் மெக்கானிக் ஒருவரிடம் வாரம் இரண்டு நாள் மோட்டார் கற்கப் போகிறான்.

மூவரையும் ஒரு வேலை செய்யச் சொல்லியிருக்கிறேன். எந்த ஊரில் வேலை கேட்டாலும் சான்றிதழுக்கு அடுத்துக் கேட்பது படம்தான். படகின் முழுப் படம் வேண்டாம், அதில் யார் கை எது என்று தெரியாது. ஒட்டுப் போட்ட ஒரே இடத்தை, ஒரே கோணத்தில், நான்கு தடவை எடுங்கள்: உடைந்தபடி, சரிவாகத் தேய்த்தபின், மேட் ஒட்டியபின், பாலிஷ் முடிந்தபின். அளவு தெரிய ஓரத்தில் ஒரு டேப்பை விரித்து வையுங்கள். கடைசிப் படத்தைச் சாய்வான காலை வெயிலில் எடுங்கள், மேடு பள்ளம் இருந்தால் அதில்தான் தெரியும்.